பாம்புத் தீவில் ஒரு ஓட்டை

என்னிடம் இருக்கும் முத்து காமிக்ஸ் 'பாம்புத் தீவு' பிரதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கரையான் அரித்ததல்ல, எலி கடித்ததும் அல்ல. ஸ்கேல் வைத்து, பிளேடு போட்டு, தையற்காரர் காஜா எடுப்பது போன்ற நிதானத்தோடு வெட்டி எடுத்த செவ்வகம். உயரம் 4 அங்குலம், அகலம் இரண்டரை. அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் அடுத்த பக்கத்து ஆசாமியின் அரை மூக்கு தெரியும். கதாநாயகர் இரும்புக்கை மாயாவி அந்த இடத்தில் எந்த ஆபத்தில் மாட்டினார், எப்படி வெளியே வந்தார் என்று நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது. அடுத்த பக்கத்தில் அவர் சௌக்கியமாக இருக்கிறார், அவ்வளவுதான்.

சேகரிப்பவர்கள் மத்தியில் ஓட்டைப் பிரதிக்கு மரியாதை கிடையாது. முழுப் பிரதி வைத்திருப்பவர் விலையைச் சொல்லும்போது, ஒரு மா நிலத்தில் குறுவை அறுத்து களத்திலேயே விற்றுவிட்டு வந்துதான் அதை வாங்க வேண்டும் என்று தோன்றும். நான் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது புத்தகமல்ல, அந்தச் செவ்வகம்.

இந்தச் சேகரிப்பு வியாதி எங்கள் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1799-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒரு உடன்படிக்கையை நீட்டினான், இரண்டாம் சரபோஜி கையெழுத்துப் போட்டார். ராஜ்யம் போயிற்று. கோட்டை, அதற்குள் அரண்மனை, வருஷா வருஷம் பென்ஷன், இவை மிஞ்சின. வேலை இல்லை, கையில் காசு, வீட்டில் நூறு அறை. ஒரு சேகரிப்பாளன் உருவாக இதற்கு மேல் என்ன வேண்டும்? சீமையிலிருந்து புத்தகம் புத்தகமாக வரவழைத்தார். வந்த புத்தகங்களில் இங்கிலீஷில் கையெழுத்தும் போட்டு வைத்தார். நம்மைப் போன்றவர்கள் முதல் பக்கத்தில் பெயர் எழுதினால் புத்தகத்தின் விலை பாதியாகிவிடும், ராஜா எழுதினால் ஏறும். உலகம் அப்படித்தான். நெப்போலியன் தோற்றான் என்று கேள்விப்பட்டு, அவனை ஒரு தடவைகூடப் பார்த்திராத பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரையில் எட்டடுக்கு மனோராவைக் கட்டிய மனிதர் அவர். வெளிநாட்டுச் சமாசாரத்தில் அவ்வளவு ஈடுபாடு.

அவர் கட்டிக்காத்த சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். ஓலைச்சுவடிகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறோம். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிற இடம் வேறு. பதினான்காம் லூயியின் அரண்மனை ஓவியர் சார்ல் லெ ப்ரனின் படவரிசை அது. மனித முகமும் மிருக முகமும் பக்கத்தில் பக்கத்தில். ஆந்தை மாதிரி ஒரு மனிதர், ஒட்டகம் மாதிரி ஒருவர், கழுகு மாதிரி ஒருவர். முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்லும் சாஸ்திரம் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாம். "டேய், இது நம்ம கணக்கு வாத்தியாருடா" என்று ஒரு குரல் வரும், கூடம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்திலேயே சீனத்துத் தண்டனைகளின் படங்கள், கட்டம் கட்டமாக. தஞ்சாவூருக்கு முதன்முதலில் காமிக்ஸ் வரவழைத்தவர் சரபோஜிதான் என்று நான் சொன்னால் சரித்திரப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். லெ ப்ரன் வரிசையில் அவர்களுக்கும் ஒரு படம் இருக்கிறது.

பாட்டுப் பக்கமும் இதே கதைதான், இன்னும் சுவாரசியமாக. திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர் இளவயதில் தகப்பனாருடன் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். ஆதரித்தவர் கம்பெனியில் துபாஷாக இருந்த குடும்பத்து முதலியார். அவரோடு சென்னைக் கோட்டைக்குப் போன இடத்தில் பட்டாளத்து பேண்டு வாசிப்பதைத் தீட்சிதர் கேட்டார் என்று சொல்வார்கள். அன்றைக்கு வெள்ளைக்காரனின் பாப் இசை அதுதான். அணிவகுப்புக்கும் நடனத்துக்கும் சாராயக் கடைக்கும் உரிய மெட்டுகள். நம்மாட்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம். தீட்சிதர் அப்படிச் செய்யவில்லை. மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, சம்ஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதிவிட்டார். நோட்டுஸ்வரம் என்று பெயர். எல்லாம் சங்கராபரணத்தில். அவன் மேஜர் ஸ்கேல் என்று சொன்னதை நம்மூரில் ஏற்கெனவே பெயர் வைத்து வளர்த்து வந்தோம், அதனால் பிரச்சினை வரவில்லை.

அயர்லாந்தில் மாலோ என்றொரு ஊர். அந்த ஊர் ஊதாரி வாலிபர்கள் குடித்துக் கூத்தடித்து, கடன்காரனுக்கு டிமிக்கி கொடுப்பதைப் பாடுகிற மெட்டு ஒன்று உண்டு. தீட்சிதர் அதில் மதுரை மீனாட்சியை எழுந்தருளச் செய்தார். குடிகாரர்கள் அத்தனை பேரும் மரியாதையாக வெளியேறினார்கள். இன்னொரு மெட்டு, இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காப்பாற்ற வேண்டும் என்று தொப்பியைக் கழற்றி நின்று பாடுவது. அந்த மெட்டில் அவர் சங்கீத சியாமளையிடம் தன்னைக் காப்பாற்றச் சொன்னார். ராஜா பேச்சே இல்லை. பாட்டு டீச்சர்கள் இன்றைக்கும் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதில் இவையும் உண்டு. பாவாடை சட்டையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சீமை ராஜகீதத்தை அம்பாள் பெயரில் பாடுகிற ஏழு வயதுக் குழந்தையைப் பார்த்தால் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்தது எவ்வளவு, அவனிடம் பிடுங்கியது எவ்வளவு என்று எனக்குக் கணக்குக் குழம்பும். தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமியோ அவனுடைய பிடிலையே கற்றுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி செய்துவிட்டார்.

மெட்டு அவனுடையது, சாகித்யம் நம்முடையது. காமிக்ஸுக்கு வருவோம்.

1962 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. லிவர்பூல் பையன்கள் நாலு பேர் 'லவ் மீ டூ' என்று ஒரு இசைத்தட்டை வெளியிட்டார்கள். பீட்டில்ஸின் முதல் தட்டு. மறுநாள் சனிக்கிழமை, அக்டோபர் 6 என்று தேதியிட்டு, லண்டனில் ஃப்ளீட்வே கம்பெனி 'வேலியண்ட்' என்ற வாரக் காமிக்ஸின் முதல் இதழைக் கொண்டுவந்தது. அதில் லூயிஸ் கிராண்டெல் என்ற ஆய்வுக்கூட உதவியாளனுக்கு வலது கை போய், இரும்புக் கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எழுதியவர் இங்கிலாந்துக்காரர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவரோ ஸ்பெயின்காரர், பார்சிலோனாவின் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆக, 'பிரிட்டிஷ் காமிக்ஸ்' என்பதிலேயே பாதி பிரிட்டிஷ் இல்லை.

வெள்ளிக்கிழமை பாட்டு, சனிக்கிழமை கை. ஒரே வாரத்தில் இங்கிலாந்து உலகத்துக்குப் பெற்றுப்போட்ட இரட்டைப் பிள்ளைகள். இதில் காவேரிக் கரைக்கு வந்து சேர்ந்தது எது?

பாட்டுக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இந்தியாவுக்கே வந்தார்கள், ஆனால் ரிஷிகேசம் போய்விட்டார்கள். திருவையாற்றுக்கு வந்திருக்கலாம். தியாகராஜ ஆராதனை தை மாதத்தோடு முடிந்துவிட்டது, மனிதர்கள் ஒரு மாதம் லேட். வந்திருந்தாலும் பஞ்சரத்னக் கோஷ்டியில் முன்வரிசை கிடைத்திருக்காது. கிதாரைப் பின்னால் கொண்டுபோய் உட்காருங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கை அப்படி வழிதவறவில்லை. பத்து வருஷம் தாமதமானாலும் 1972 ஜனவரியில் சிவகாசி வழியாக வந்து சேர்ந்தது. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியர் முல்லை தங்கராசன். பட்டாசு லேபிளும் தீப்பெட்டி லேபிளும், தாமரையில் நிற்கிற லட்சுமி காலண்டரும் அச்சாகிற ஊரில் மாயாவியும் அச்சானார். லட்சுமிக்கு நாலு கை, இவருக்கு ஒன்று.

லண்டனில் கிராண்டெல் ஆரம்பத்தில் நல்லவன் இல்லை. சக்தி வந்ததும் தலை கிறுகிறுத்து நியூயார்க்கையே தகர்க்கப் பார்த்த அயோக்கியன், பிறகுதான் திருந்தி நிழல் படையில் உளவாளியானான். நம் பையன்களுக்கு அந்தப் பூர்வாசிரமம் முக்கியமில்லை. கிராண்டெல் என்ற பெயரும் வாயில் நுழையவில்லை. 'மாயாவி' என்று ஒரு சொல்லைப் போட்டதும் ஆள் விக்கிரமாதித்தன் கதைக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டார். தீட்சிதர் மாலோ ஊர்க் குடிகாரர்களை வெளியேற்றியது போலத்தான், படம் அவனுடையது, பேச்சு நம்முடையது. லண்டன் கொள்ளைக்காரர்கள் எல்லாம் சுத்தமான செந்தமிழில் ஐயோ என்று அலறினார்கள். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் வில்லனுக்குக்கூட அவ்வளவு நல்ல தமிழ் வராது.

எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில். வாசலில் வாய்க்கால், கொல்லையில் வாய்க்கால். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்கிற நாள் திருவிழா. மாயாவியைப் படித்துவிட்டு பிளக் பாயிண்டில் விரலை விட்டவர்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர். ஒருவரும் மறையவில்லை. ஒருவருடைய முன் மயிர் மட்டும் கொஞ்சம் மறைந்தது. மாயாவியை எங்கள் பக்கத்துக்கு மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு மூன்று பேஸ் கரண்ட் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. திருடன் பகலிலேயே வேலையை முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுவான். மாயாவி வரப்பில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்திருப்பார், பக்கத்தில் எங்கள் பெரியப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச.

1984 ஜூலையில் டெல்டாப் பையன்களுக்கு ஒரு பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. அதே சிவகாசியில், அதே சௌந்திரபாண்டியன் குடும்பத்துப் பதினேழு வயதுப் பிள்ளை விஜயன், காமிக்ஸ் நாயகி மாடஸ்டியைக் கத்திமுனையில் நிறுத்தி லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு கடைக்கு வந்தது. களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கி, பெட்டிக்கடையில் போட்டுக் காசாக்கி வைத்திருந்த பையன்கள் என்ன செய்வார்கள்? அந்த வருஷம் எங்கள் களத்தில் வழக்கத்தைவிட நிறைய நெல் சிந்தியது.

லயனில் ஸ்பைடர் வந்தான், கூரான காதும் வலைத் துப்பாக்கியுமாக. அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் 'டாக்டர் டக்கர்' என்ற தலைப்பை வைத்தவருக்குத்தான் எங்கள் ஓட்டு. பிறகு ஆர்ச்சி. 1952 முதல் லண்டன் 'லயன்' இதழில் வந்த இரும்பு மனிதன், இங்கே வந்ததும் சட்டித்தலையன். அவனுக்குக் கோட்டை வடிவத்தில் ஒரு கால யந்திரம் உண்டு. எங்கள் தஞ்சாவூரிலும் அகழியோடு கோட்டை இருக்கிறது. அது எந்தக் காலத்துக்கும் போகாது, பஸ்ஸுக்கு வழி மட்டும் மறிக்கும்.

வயதான பிறகு, பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் எழுதுவதைப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே ஒரு தனி இனம் இருக்கிறது, பாட்டுக்காகக் காமிக்ஸ் சேர்ப்பவர்கள். 1966-ல் ஜான் மேயாலின் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' தட்டின் அட்டையில் நாலு பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். எரிக் கிளாப்டன் மட்டும் நிமிராமல் 'பீனோ' படித்துக்கொண்டிருக்கிறார். போட்டோ எடுக்கிறவர் மேல் எரிச்சல். உலகமே அவர் விரல்களைக் கொண்டாடிய தட்டுக்கு 'பீனோ ஆல்பம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைத் தோழன் தினத்தந்தி படித்தால் இங்கே விட்டுவிடுவார்களா? எல்டன் ஜான் 1975-ல் விண்வெளி வீரன் டேன் டேர் பெயரில் ஒரு பாட்டே பாடினார். அந்த டேன் டேர் பிறந்த 'ஈகிள்' இதழைத் தொடங்கியவர் ஒரு பாதிரியார். பையன்கள் கெட்டுப்போகாமல் இருக்கத் தொடங்கியது, கடைசியில் ராக் பாட்டில் போய் முடிந்தது.

எனக்கு மிகப் பிடித்தவர் நீல் டெனன்ட். 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடிய பெட் ஷாப் பாய்ஸின் நீல் டெனன்டேதான். பாடகராவதற்கு முன்னால், எழுபதுகளின் நடுவில், மார்வெலின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அமெரிக்க எழுத்துக்கூட்டலை இங்கிலாந்து எழுத்துக்கூட்டலாக மாற்ற வேண்டும். உடை போதாத பெண்களைக் கண்டுபிடித்து, பிரிட்டிஷ் பிள்ளைகளுக்காகத் துணியைக் கூட்டச் சொல்ல வேண்டும். படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதே உத்தியோகத்தில் எங்கள் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். யாரென்று தெரியாது, அவர் தூரிகை தெரியும். கடற்கரையில் நீச்சலுடையில் நின்றிருந்த வெள்ளைக்காரி, தமிழ்ப் பிரதியில் முழங்கைவரை கறுப்பு மை ரவிக்கை போட்டிருப்பாள். பின்னால் அலை, முன்னால் ரவிக்கை. நனையவே நனையாத ரவிக்கை. லண்டன் தையற்காரர் பாப் நட்சத்திரமானார். நம்மவர் ஓய்வுபெற்று எங்கோ சௌக்கியமாக இருக்க வேண்டும்.

சட்டித்தலையனின் பிற்காலம்தான் பெரிய அதிர்ச்சி. 1987-ல் கிராண்ட் மாரிசன், '2000 ஏடி' இதழில் 'ஜெனித்' என்று ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். அதன் நாயகன் சூப்பர் ஹீரோ, அதே சமயம் பாப் பாடகன். உலகத்தைக் காப்பாற்றச் சொன்னால் தன் பாட்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்கிற ரகம். அந்தத் தொடரில் நம்முடைய ஆர்ச்சி திரும்ப வருகிறான், ஆசிட் ஆர்ச்சியாக. அப்போது இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டிய ஆசிட் ஹவுஸ் நடன இசைக்கு அடிமை. கூட்டாளிகள் தாமஸோடும் விக்டரோடும் ஒழுக்கமாக ஊர் சுற்றிய பிள்ளை! பட்டணத்துக்குப் படிக்கப் போன பையன் தலைமுடியை வளர்த்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்த பெற்றோர் மாதிரி நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆர்ச்சிக்கு முடியாவது இல்லை, ஒரு நிம்மதி.

இப்படி அவர்கள் காமிக்ஸையும் பாட்டையும் முடிச்சுப் போட்டதைப் படிக்கப் படிக்க, எனக்கு என் அத்தான் ஞாபகம் வந்தது.

அத்தை மகன். என்னைவிட எட்டு வயது பெரியவர். 1981-ல் கும்பகோணம் காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார், தெருவிலேயே முதல். எங்கள் பக்கத்தில் அப்போது பாப் இசை என்றால் லிவர்பூல் இல்லை, இலங்கை. நாகப்பட்டினத்துக் காற்று நம் பக்கம் வீசினால் இலங்கை வானொலி சென்னையைவிடத் துலக்கமாக வரும். அவர்கள் 'பொப்' என்று எழுதுவார்கள். நித்தி கனகரத்தினம் சின்ன மாமியைக் கூப்பிடுவார், ஏ. இ. மனோகரன் சுராங்கனியைக் கூப்பிடுவார். தாளம் பைலா, மெட்டு போர்த்துக்கீசியன் விட்டுப் போன வாசனையோடு, சாகித்யம் யாழ்ப்பாணம். தீட்சிதர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

அத்தான் ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்வார். கம்பி எல்லாம் கிடையாது. பாட்டோடு சேர்த்து மாடு, காக்கா, நெல் அவிக்கிற அடுப்பில் வெடிக்கிற உமி எல்லாம் ஏறும். கேசட் பெட்டிக்கு அழகாக அட்டை வேண்டும் என்று, பழைய பேசும் படம், குமுதம் எல்லாவற்றையும் வெட்டுவார். 'பாம்புத் தீவு' காணாமல்போய் ஓட்டையோடு திரும்பி வந்தபோது அவரைத்தான் முதலில் கேட்டேன். "எலி, மாப்ள" என்றார். ஸ்கேல் வைத்து வெட்டுகிற எலியா என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. நாற்பது வருஷமாக அவர் எலியைக் கைவிடவில்லை.

போன பொங்கலுக்கு அத்தான் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தார். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அதற்குள் முப்பது கேசட். ஏழாவது கேசட்டின் அட்டையில் ஒரு இரும்புக் கை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. நாலு அங்குலம், இரண்டரை அங்குலம். கீழே அத்தானின் அழகான கையெழுத்தில் 'சிலோன் பொப்'.

"அத்தான்" என்றேன்.

"எலி எடுத்துட்டு வந்து இதுல போட்டிருக்கும்" என்றார்.

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்துக் கட்டங்கள் தெரியவில்லை. மைதா பசை போட்டு, சிகரெட் அட்டையில் ஒட்டி, நாற்பது வருஷம் காய்ந்திருந்தது. உரித்தால் இரண்டும் போகும். சரி, முன்பக்கமாவது என் புத்தகத்துக்குத் திரும்பட்டும் என்று கேட்டேன்.

"அட்டையக் குடுத்துட்டா கேசட்டுக்கு என்ன மாப்ள மதிப்பு? இதெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு? முழுசா இருந்தாத்தான் கலெக்சன்."

அத்தானின் பேரன் எங்கிருந்தோ ஒரு பழைய டேப் ரிக்கார்டரை எடுத்து வந்து மாட்டினான். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அறிவிப்பாளர் குரல், மத்தளம், சுராங்கனி. பாட்டின் நடுவில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அத்தையின் குரல் கேட்டது.

"ஏண்டா, அந்தப் புஸ்தகத்த ஏண்டா வெட்டுற? சின்னவன் வந்து அழப்போறான் பாரு!"

"சத்தம் போடாதம்மா, பாட்டு ஏறுது" என்றது பதினேழு வயது அத்தான்.

எதிரே நின்ற அறுபது வயது அத்தான் அவசரமாக நிறுத்தும் பொத்தானைத் தேடினார். பேரன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பாட்டு முடிந்தது. விளம்பரம் வந்தது. அதற்கும் பின்னால், தூரத்திலிருந்து, யாரோ ஒரு பையன் ஓவென்று அழுதுகொண்டே வீட்டுக்குள் வரும் சத்தம்.